மொறிஸ் மைனர்: முதலில் தகடு, கடைசியில் எஞ்சின்

யாழ்ப்பாணத்தில் மொறிஸ் மைனர் என்ற பழைய பிரித்தானியக் காரை வாங்கப் பார்க்கப் போகிறவர்கள் பொனற்றைத் திறந்து எஞ்சின் சத்தத்தைக் கேட்டுவிட்டு விலை பேசத் தொடங்கிவிடுவார்கள். ஒரே செல்ஃபில் பிடித்தால் நல்ல கார், புகை தள்ளினால் கெட்ட கார். இந்தக் காரைப் பொறுத்தவரை இது தலைகீழான கணக்கு. புகை தள்ளுகிற எஞ்சினை மாத வேலையில் திருத்தலாம், அதற்குரிய சாமான்கள் இன்றும் புதிதாகவே கிடைக்கின்றன. கறள் தின்ற பொடியை, அதாவது காரின் உடற்தகட்டைத் திருத்த அதைப்போலப் பல மடங்கு பணமும் காலமும் போகும். அதனால் முதல் நாள் பொனற்றைத் திறக்கவே தேவையில்லை. ஒரு ஜக்கும் சுத்தியலும் ரோர்ச்லைற்றும் போதும்.

எந்த மைனர் என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். 1948இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் வெளிவந்த முதல் வகையில் 918 சிசி சைட் வால்வு எஞ்சின். வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ், பின்னாளில் மினியை வடித்தவரும் அவரே. 1952இலிருந்து 803 சிசி ஏ-சீரிஸ் எஞ்சின் வந்தது. 1956இல் 948 சிசி, அதோடுதான் முன் கண்ணாடி நடுவில் பிரிவில்லாமல் ஒரே துண்டாகி, பெயரும் மைனர் 1000 ஆனது. 1962இல் 1098 சிசி. அதற்குப் பிறகு 1971இல் உற்பத்தி நிற்கும்வரை பெரிய மாற்றமில்லை. ஓடித் திரிவதற்கென்று எடுப்பவர் 948 அல்லது 1098 எடுப்பது புத்தி. 803 அழகான கார்தான், ஆனால் பின் அச்சின் விகிதம் 5.375, எஞ்சின் அலறும், கார் நகராது. 918 சிசி எஞ்சினில் இன்னொரு தொல்லை: நட்டுத் தலை விற்வேர்த் எனும் பழைய பிரித்தானிய அளவு, உள்ளே புரி மெற்றிக். கையிலிருக்கிற நட்டு எதுவும் பொருந்தாது.

1952க்குப் பிந்திய ஏ-சீரிஸ் எஞ்சின்களில் பெரும்பாலும் அங்குல அளவு யூஎன்எஃப் புரிதான். 7/16, 1/2, 9/16 அங்குலச் சாவிகள் மூன்றும் காரில் பாதியைக் கழற்றிவிடும். 13 மில்லிமீற்றர் சாவியை 1/2 அங்குல நட்டில் போட்டால் 0.3 மில்லிமீற்றர் தளர்வு இருக்கும். கறள் பிடித்த நட்டின் மூலையை உருட்டிவிட அது தாராளம். இங்கே கைமாறி வரும் மைனர்களில் பாதி நட்டுகள் உருண்டிருப்பதற்கு இதுதான் காரணம். அங்குலச் சாவி செற் ஒன்று வாங்காமல் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம்.

இனித் தகடு. மைனருக்குச் சசி எனும் தனியான அடிச்சட்டம் கிடையாது, பொடியே சசி. முறுகி ஸ்பிரிங்போல வேலை செய்து முன் சஸ்பென்ஷனைத் தாங்கும் இரண்டு ரோர்ஷன் பார்களும் முன் இருக்கைகளுக்குக் கீழே குறுக்காக ஓடும் கிறொஸ் மெம்பரில் போய் முடிகின்றன. அந்தக் கிறொஸ் மெம்பரின் இரண்டு முனைகளும் பக்கவாட்டுப் பெட்டிச் சட்டங்களில் ஏறி நிற்கின்றன. ஜக் போடும் இடமும் அதே முனைதான். ஆகவே காரின் உடல்நிலையை அறிய ஒரு சோதனை போதும். முன் கதவைத் திறந்து மூடிப் பார்த்து, கதவுக்கும் தூணுக்கும் இடையிலுள்ள இடைவெளியை மேலும் கீழும் கண்ணால் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். கிறொஸ் மெம்பர் முனையில் ஜக்கை வைத்து அந்தப் பக்கச் சில்லு நிலத்தைவிட்டு எழும்பும்வரை உயர்த்துங்கள். இப்போது கதவு முன்போலவே மூடினால் சட்டம் உயிரோடிருக்கிறது. கதவு பூட்டுப் பக்கம் இடித்தாலோ, மேலோ கீழோ இடைவெளி மாறினாலோ உள்ளே சட்டம் போய்விட்டது. ஜக் உயர, கார் உயராமல் தகடு நெரியும் சத்தம் கேட்டால் அதற்குமேல் பார்க்க வேண்டியதில்லை. விலையைப் பாதியாக்குங்கள், அல்லது வீட்டுக்குப் போங்கள்.

சுத்தியலின் கைப்பிடி முனையால் தட்டிப் பார்க்க வேண்டிய மற்ற இடங்கள்: பின் லீஃப் ஸ்பிரிங்கின் முன் ஹாங்கரும் பின் ஹாங்கரும், பெடலுக்குக் கீழான தரை ஓரம், முன் மட்கார்ட்டுக்குள் மறைந்திருக்கும் கதவுத் தூணின் அடி, பற்றறித் தட்டு, டிக்கித் தரை, ஹெட் லைற் கிண்ணம். நல்ல தகடு மணி போலச் சத்தம் தரும், பட்டியும் தாரும் பூசிய இடம் மந்தமாக ஒலிக்கும். கடற்காற்று வீசும் குடாநாட்டில் தாரை அடியில் தடிப்பாகப் பூசுவது பலகால வழக்கம். தார் தண்ணீரைத் தடுக்கும் என்ற எண்ணம் நல்லதுதான். ஆனால் பெட்டிச் சட்டத்தின் அடியிலும் கதவின் அடியிலும் உள்ள வடிகால் துளைகளையும் சேர்த்து அடைத்துவிடுகிறார்கள். தண்ணீர் உள்ளேயே நின்று உள்ளிருந்து தின்கிறது. வெளியே தார் பளபளக்கும், உள்ளே தகடு இராது.

நாலு மட்கார்ட்டும் போல்ற்றில் ஏறியவை, கழற்றிவிடலாம். தகடு திருத்தும் ரிங்கர் வேலை தொடங்குமுன் நாலையும் கழற்றியே ஆக வேண்டும். கழற்றாமல் வெளியிலிருந்து ஒட்டுப் போடுகிறேன் என்பவரிடம் காரைக் கொடுக்க வேண்டாம். மறுபுறம், கதவுகளைக் கழற்றக் கூடாது. பெட்டிச் சட்டத்தை வெட்டும்போது கதவுதான் அளவுகோல். கதவு வாசலுக்குக் குறுக்காகச் சதுரக் குழாய் ஒன்றை மேலும் கீழும் ஒட்டித் தாங்கல் கொடுத்து, காரின் பாரம் நாலு சில்லுத் தாங்கும் இடங்களிலும் சமமாக நிற்கும்படி ஸ்ராண்டில் ஏற்றிய பிறகுதான் வெட்டுச் சில்லைத் தொட வேண்டும். ஒரு பக்கம் முழுதாக முடிந்து, கதவு மூடிப் பார்த்த பிறகே மறுபக்கம். இரண்டு பக்கத்தையும் ஒரே நாளில் வெட்டிய கார் நடுவில் தொய்ந்துவிடும். தொய்ந்த மைனரை மறுபடி நேராக்குவது புதிதாக ஒன்று தேடுவதைவிடக் கடினம்.

கிறொஸ் மெம்பருக்கும் ஸ்பிரிங் ஹாங்கருக்கும் 2 மில்லிமீற்றர் தகடு, பெட்டிச் சட்டத்துக்கு 1.2, வெளித் தோலுக்கு 0.9. மிக் வெல்டிங்தான் வேண்டும். பழைய காஸ் வெல்டிங் தகட்டை அகலமாகச் சூடாக்கி வளைத்துவிடும். பித்தளை ஒட்டு பாரம் தாங்கும் இடத்துக்கு ஆகவே ஆகாது, பித்தளை ஓடிய இடத்தில் பிறகு மிக் வெல்டிங்கும் பிடிக்காது. அந்தத் துண்டை வெட்டி எறிய வேண்டும். கறளுக்கு மேலே புதுத் தகட்டை வைத்து ஒட்டுவது பொதுவாக நடக்கிற ஏமாற்று. இரண்டு தகட்டுக்கு நடுவே ஈரம் நின்று மூன்றாம் மழைக்காலத்தில் புதுத் தகடும் ஓட்டையாகும். சுத்தமான இரும்பு தெரியும்வரை வெட்டி, தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று சேரும் இடத்தில் துத்தநாகப் பிறைமர் பூசி, பிறகு ஒட்டுவதே வேலை. ஒட்டி முடிந்தபின் சட்டத்துக்குள்ளே மெழுகு அடிக்க வேண்டும். வாங்க வசதியில்லாவிட்டால் கிறீஸைச் சூடாக்கி எஞ்சின் ஒயிலோடு இளக்கி உள்ளே தெளிக்கலாம், வெயிலில் வழியும், ஆனால் பாதுகாக்கும். வடிகால் துளை திறந்திருக்கிறதா என்று கம்பி விட்டுப் பார்த்துவிட்டுத்தான் பெயின்ற். பெயின்ற் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எல்லாரும் கவனிப்பது அதைத்தான், கவனிக்க வேண்டிய தேவை ஆகக் குறைந்ததும் அதுதான்.

தகடு முடிந்ததும் முன் சில்லு. மைனரின் ஒரே ஆபத்தான குணம் இங்கே இருக்கிறது. சில்லைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் இரண்டு முனையிலும் புரி வெட்டப்பட்டிருக்கும். மேலே ஒன்று, கீழே ஒன்றாக ட்றனியன் எனும் பித்தளை நிறக் கட்டையோ இரும்புக் கட்டையோ அந்தப் புரியில் ஏறியிருக்கும். ஸ்ரியரிங்கைத் திருப்பும் ஒவ்வொரு தடவையும் தண்டு அந்தப் புரிக்குள்ளே திரும்புகிறது, காரின் முன்பாரமும் கீழ்ப் புரி வழியாகவே சில்லுக்கு இறங்குகிறது. கிறீஸ் இல்லாமல் மணலும் தண்ணீரும் புகுந்தால் புரியின் பற்கள் கத்தி முனைபோல மெலியும். ஒருநாள் ஒழுங்கைக்குள் ஸ்ரியரிங்கை ஒடித்து ரிவேர்ஸ் எடுக்கும்போது தண்டு கட்டையைவிட்டுக் கழன்று, சில்லு மட்கார்ட்டுக்குள் மடங்கிக் கார் மூக்கால் விழும். பெரும்பாலும் மெதுவாகத் திருப்பும்போது நடப்பதால் ஆட்கள் தப்பிவிடுகிறார்கள். பெரிய வீதியில் நடந்தால் அப்படி இராது.

சோதிப்பது இப்படி. முன்பக்கத்தை உயர்த்தி ஸ்ராண்டில் வைத்து, ஒருவர் பிறேக்கை மிதித்துப் பிடிக்க வேண்டும். அப்போது பெயாரிங் தளர்வு கணக்கில் வராது. மற்றவர் ரயருக்குக் கீழே அலவாங்கை நுழைத்து மேலே நெம்ப, மூன்றாமவர் கட்டைக்கும் தண்டுக்கும் இடையில் விரலை வைத்துப் பார்க்க வேண்டும். விரலில் கடகடவென்று தட்டினால் தண்டும் கட்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் பழைய புரி புதியதைத் தின்னும். இடப்பக்கப் புரியும் வலப்பக்கப் புரியும் எதிர்த்திசை, மாறி ஏறாது. ஏற்றும்போது கட்டையை முழுதாக முறுக்கி, பிறகு சற்றுத் தளர்த்தி, சில்லு இரண்டு பக்கமும் எல்லைவரை தடையில்லாமல் திரும்புகிறதா என்று பார்த்தே மற்றப் போல்ற்றுகளை இறுக்க வேண்டும். தேய்ந்த தண்டில் வெல்டிங் ஏற்றி லேத்தில் புரி வெட்டித் தருபவர்கள் இருக்கிறார்கள். அடித்துச் செய்த உருக்கை அப்படிச் சூடாக்கினால் ஒட்டின் ஓரத்தில் வெடிக்கும். இந்த ஒரு சாமானில் சிக்கனம் வேண்டாம்.

புதிது போட்ட பிறகும் ஒவ்வொரு 1,600 கிலோமீற்றருக்கும் கிறீஸ் கன் பிடிக்க வேண்டும். சில்லு நிலத்தில் நிற்கும்போது அடித்தால் பாரம் அழுத்துகிற பக்கத்துக்குக் கிறீஸ் போகாது. ஜக்கில் தூக்கி, சில்லு தொங்க, புதிய கிறீஸ் விளிம்பில் தெரியும்வரை அடித்து, ஸ்ரியரிங்கை இரண்டு பக்கமும் திருப்பி மறுபடி அடியுங்கள்.

பிறேக் முழுவதும் ஒரே சுற்று. எந்த மூலையில் ஒழுகினாலும் நாலு சில்லும் சேர்ந்து போகும். ஆகவே பாதி பழையது, பாதி புதியது என்ற பேச்சே வேண்டாம். முன்னுக்கு நாலு வீல் சிலிண்டர், பின்னுக்கு இரண்டு, ரப்பர் குழாய் மூன்று, 3/16 அங்குலக் கடினக் குழாய் முழுவதும், மாஸ்ரர் சிலிண்டர் ஒன்று. கடினக் குழாய்க்குச் செப்பு-நிக்கல் கலப்புக் குழாய் நல்லது. வெறும் செப்பு அதிர்வில் இறுகி வெடிக்கும்.

மாஸ்ரர் சிலிண்டர் இருக்கும் இடம் இந்தக் காரின் பெரிய அநியாயம். சாரதியின் காலுக்குக் கீழே, சட்டத்துக்குள் புதைத்து வைத்திருக்கிறார்கள். பிறேக் ஒயில் பார்க்கக் கம்பளத்தைத் தூக்கி, தரை மூடியைக் கழற்ற வேண்டும். யாரும் பார்ப்பதில்லை. பார்க்கிற நாளில் தரையிலுள்ள மண் முழுவதும் உள்ளே விழும். மூடியைத் திறக்குமுன் சுற்றிலும் பிறஷ் போட்டு, ஈரத்துணியால் துடைக்க வேண்டும். சிலிண்டரைக் கழற்ற முனைந்தால் அதைப் பிடித்திருக்கும் போல்ற்றை இழுத்தெடுக்க விடாமல் ரோர்ஷன் பார் குறுக்கே நிற்கும். பாரை விலக்கித்தான் எடுக்க வேண்டும். திரும்பப் பூட்டும்போது போல்ற்றை மறுபுறமிருந்து நுழைத்துவிட்டால் அடுத்தமுறை கழற்றுகிறவர் உங்களை வாழ்த்துவார். முடிந்தால் அதே வேளையில் மூடியின் இடத்தில் ஒரு இணைப்பைப் பூட்டி, குழாய் வழியாக எஞ்சின் அறைக்குள் ஒரு பிளாஸ்ரிக் போத்தலைக் கொண்டுவந்துவிடுங்கள். மலிவான வேலை, மைனரில் செய்யக்கூடிய ஆகச் சிறந்த மேம்பாடு அதுதான்.

கராச்சுகளில் சிலிண்டரையும் ரப்பரையும் மண்ணெண்ணெயில் கழுவும் பழக்கம் இருக்கிறது. பிறேக் ரப்பருக்கு மண்ணெண்ணெய், பெற்றோல், எஞ்சின் ஒயில் மூன்றும் நஞ்சு. ரப்பர் ஊதிப் பெருத்து, மிதித்த பெடல் திரும்ப வராது, பிறேக் பிடித்தபடி நிற்கும். கழுவ மெதிலேற்றட் ஸ்பிரிற் அல்லது புதிய பிறேக் ஒயில் மட்டும். பிறேக் ஒயிலில் டொட் 4 ரகம் போதும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், ஏனென்றால் அது காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். புதிதாகப் போட்ட பிறகும் பிறேக் இறுகி நின்றால் பெடல் தண்டுக்கும் பிஸ்டனுக்கும் இடையில் சிறு இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். அந்த இடைவெளி இல்லாவிட்டால் ஒயில் திரும்பிப் போகும் துளை மூடியபடியே நிற்கும்.

ஷூ சரிசெய்வது ட்றம்மிலுள்ள துளை வழியாக. ஸ்குறூ டிறைவரால் சில்லு இறுகும்வரை திருப்பி, ஒரு பல் பின்னால் விட வேண்டும். முன்னுக்கு ஒவ்வொரு சில்லிலும் இரண்டு அஜஸ்ரர் உண்டு. ஒன்றை மட்டும் இறுக்கிவிட்டுப் பெடல் தாழ்கிறது என்று குறைபடுவது வழக்கமாக நடக்கிறது.

அடுத்தது தண்ணீர். குடாநாட்டுக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணக்கல்லுக்குள்ளால் வருவது. கேத்தலின் அடியில் படிவது பிளொக்கின் உள்ளேயும் படிகிறது. பல வருடம் அதையே ஊற்றிய எஞ்சினில் நாலாவது சிலிண்டரைச் சுற்றி, பின்பக்கமாக, களிமண்போல இறுகிய படிவு நிற்கும். பிளொக்கின் வடிகால் குழாயைத் திறந்தால் ஒரு சொட்டும் வராது. ரேடியேற்றரை மட்டும் சுத்தம் செய்துவிட்டு இன்னும் சூடாகிறது என்று தலையைப் பிய்ப்பதில் பயனில்லை. பிளொக்கின் பக்கத் துளைகளை மூடும் வெல்ஷ் பிளக்குகளைக் கழற்றிக் கம்பியால் குத்தி வெளியே எடுக்க வேண்டும். பிறகு தேர்மோஸ்ரற்றைக் கழற்றி, கொள்ளளவான 5.5 லீற்றர் மழைத் தண்ணீரில் 250 கிராம் எலுமிச்சை உப்பு, அதாவது சிற்றிக் அமிலம் கரைத்து ஊற்றி, அரை மணி நேரம் சூட்டில் ஓடவிட்டு வடித்து, பலமுறை கழுவ வேண்டும். ரேடியேற்றரில் படிவே ஓட்டையை அடைத்து வைத்திருந்தால் இப்போது ஒழுகும். அது நல்லதே, வீதியில் ஒழுகுவதைவிட.

கழுவிய பிறகு கிணற்றுத் தண்ணீருக்குத் திரும்பப் போகக் கூடாது. மழைத் தண்ணீரோ பற்றறித் தண்ணீரோ எடுத்து, மூன்றில் ஒரு பங்கு கூலன்ற் சேர்க்க வேண்டும். இங்கே உறைபனி கிடையாது என்பது உண்மைதான், கூலன்ற் வேண்டியது கறளைத் தடுக்க. தேர்மோஸ்ரற் வெப்ப நாட்டுக்குத் தேவையில்லை என்று எறிவார்கள். எறியாமல் 74 பாகைக்குத் திறப்பதை வாங்கிப் போடுங்கள். எறிந்தால் எஞ்சின் சூடேறத் தாமதித்து ஒயில் கெட்டுப்போகும். ஹெட்டுக்கும் வோட்டர் பம்புக்கும் நடுவே விரல் நீளத்தில் ஒரு ரப்பர்க் குழாய் இருக்கும், கண்ணுக்கே தெரியாது. ஏ-சீரிஸ் எஞ்சின் வீதியில் நிற்பதற்கு அந்தக் குழாய் வெடிப்பது பெரிய காரணம். சாதாரணக் குழாய் என்றால் பம்பைக் கழற்றாமல் போட முடியாது. மடிப்பு மடிப்பாக உள்ளதைக் கேட்டு வாங்கினால் நசுக்கி நுழைக்கலாம். எஞ்சின் வெளியே இருக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு புதிதைப் போட்டுவிடுங்கள்.

மின்சாரம் சிக்கலானது போலத் தோன்றும், ஆனால் காரில் உள்ளது இரண்டே இரண்டு ஃபியூஸ். பழைய நூல் சுற்றிய வயர் உதிர்கிறது என்றால் முழு வயரிங்கையும் மாற்றுங்கள், ஒட்டுப் போட வேண்டாம். பாதிக் கோளாறுகள் ஏர்த்தில்தான். எஞ்சினிலிருந்து பொடிக்குப் போகும் பின்னல் பட்டி அற்றிருந்தால் செல்ஃப் மின்னோட்டம் சோக் கம்பி வழியாகத் திரும்பும். செல்ஃப் அடிக்கும்போது சோக் பிடி கையைச் சுட்டால் அதுதான் நோய்.

இந்தக் கார்கள் கம்பனியிலிருந்து வந்தபோது பற்றறியின் பொசிற்றிவ் முனை பொடியில். றேடியோ, போன் சார்ஜர், எலெக்ரொனிக் இக்னிஷன் எதுவும் போடுவதானால் மாற்ற வேண்டும். பற்றறியைத் திருப்பி வைத்து, கொயிலின் இரண்டு வயரையும் இடம் மாற்றி, டைனமோவிலிருந்து வயர்களைக் கழற்றிவிட்டு, பற்றறியின் நெகற்றிவ் பொடியில் இணைந்த நிலையில் பொசிற்றிவ்விலிருந்து ஒரு வயரால் டைனமோவின் எஃப் முனையில் கணநேரம் இரண்டு மூன்று தடவை தொட வேண்டும். சிறு பொறி வரும், டைனமோ புதிய திசையில் காந்தமாகிவிட்டது. பெற்றோல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது இதைச் செய்ய வேண்டாம்.

லூகஸ் சி40 டைனமோ தருவது உச்சத்தில் 22 அம்பியர், ஐடிலில் ஒன்றுமில்லை. ஹெட் லைற்றும் வைப்பரும் இக்னிஷனும் சேர்ந்தே 13, 14 அம்பியர் இழுக்கும். அதன்மேல் 8, 10 அம்பியர் மின்விசிறியைப் பூட்டினால் சந்தியில் நிற்கும்போது பற்றறி வடியும். முதலில் ஒல்ரனேற்றர், பிறகுதான் விசிறி. ஒல்ரனேற்றரிலிருந்து செல்ஃப் சொலினொயிட்டுக்குப் புதிதாகத் தடித்த வயர் ஓட்டுங்கள், பழைய டைனமோ வயர் அந்தச் சுமைக்குச் செய்யப்பட்டதல்ல. சிக்னலுக்கு எல்இடி போட்டால் பழைய ஃபிளாஷர் வேலை செய்யாது, அதையும் எலெக்ரொனிக்காக மாற்ற வேண்டும்.

இப்போது எஞ்சின். 1960களின் தொடக்கத்தில் இறக்குமதி இறுகியதால் இலங்கையில் இந்தக் கார்கள் தலைமுறை தாண்டி ஓடின. வடக்கில் அதற்குமேல் 1990களின் பொருளாதாரத் தடை. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டுப் பற்றவைத்து, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட்டிய காலம் அது. எரியாத மண்ணெண்ணெய் ரிங்கைத் தாண்டி இறங்கி ஒயிலை நீர்க்கச் செய்யும், பெயாரிங் தேயும், ரிங் பள்ளங்களில் கரி இறுகும். அப்படி ஓடிய எஞ்சினுக்குக் கொம்பிறெஷன் பார்ப்பது கட்டாயம். நாலு சிலிண்டருக்கும் இடையில் பத்து வீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்து, ஒரு கரண்டி ஒயில் விட்டதும் எண் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. காபரேற்றரில் பெற்றோல் அளவைக் கட்டுப்படுத்தும் நீடிலைக் கழற்றி அதன் எழுத்து அடையாளத்தைப் பாருங்கள். யாராவது அரத்தால் தேய்த்திருந்தால் எத்தனை சரிசெய்தாலும் கலவை ஒழுங்காக வராது, புதிய நீடிலும் ஜெற்றும் சேர்த்துப் போட வேண்டும்.

அளவுகள்: வால்வு இடைவெளி குளிர்ந்த எஞ்சினில் 0.012 அங்குலம், அதாவது 0.30 மில்லிமீற்றர். பொயின்ற் 0.015 அங்குலம், பிளக் 0.025. பற்றும் வரிசை 1-3-4-2. ஹெட் நட்டு 40 இறாத்தல்-அடி, நடுவிலிருந்து வெளியாக, மூன்று சுற்றில். வால்வு சரிசெய்ய ஒன்பது என்ற கணக்கை நினைவில் வைத்தால் போதும். எட்டாவது வால்வு முழுதாக அழுந்தியிருக்கும்போது முதலாவதைப் பாருங்கள், ஆறாவது அழுந்தும்போது மூன்றாவதை. கூட்டினால் ஒன்பது. ஒயில் 20டபிள்யூ-50, ஃபில்ரரோடு 3.7 லீற்றர் வரை. கியர் பொக்ஸுக்கும் அதே எஞ்சின் ஒயில்தான், 1.3 லீற்றர். கியர் பொக்ஸ்தானே என்று இபி 90 எனும் தடித்த கியர் ஒயிலை ஊற்றுகிறார்கள், கியர் விழுவது கல்லாகும். இபி 90 பின் அச்சுக்கு, 0.85 லீற்றர். அதற்குமேல் ஊற்றினால் ஒயில் பின் பிறேக் ஷூவுக்கு வந்துவிடும்.

ஈயம் கலந்த பெற்றோல் இலங்கையில் 2002இல் நின்றது. ஈயமில்லாத பெற்றோலில் எக்ஸோஸ்ற் வால்வின் இருக்கை மெல்ல மெல்லத் தேய்ந்து வால்வு உள்ளே புதையும். அதற்காக ஓடுகிற ஹெட்டைக் கழற்ற அவசரமில்லை. 3,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை இடைவெளியை அளந்து எழுதி வையுங்கள். எக்ஸோஸ்ற் வால்வுகளில் இடைவெளி ஒவ்வொரு முறையும் குறைந்துகொண்டே போனால் அப்போது நாலு இருக்கைக்கும் கடின உருக்கு வளையம் போடலாம். ஊருக்குள் ஓடும் காரில் வருடக்கணக்காக ஒன்றும் ஆகாமலும் இருக்கும்.

எஸ்யூ காபரேற்றர் சரிசெய்ய மீற்றர் எதுவும் வேண்டாம். எஞ்சின் சூட்டில் ஐடிலில் ஓட, பிஸ்டனை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாக மெல்ல உயர்த்துங்கள். சுற்று சிறிது ஏறி உடனே பழைய நிலைக்கு வந்தால் சரி. ஏறி ஏறியே நின்றால் பெற்றோல் கூட. விக்கி நின்றால் குறைவு. என்ன செய்தும் ஐடில் நிலைக்காவிட்டால் திறொட்டில் தண்டு தேய்ந்து காற்று இழுக்கிறது. தண்டு இரு முனைகளிலும் ஸ்பிறே அடித்துப் பார்த்தால் சுற்று மாறும். எஞ்சின் அறைச் சுவரிலுள்ள பெற்றோல் பம்ப் டிக் டிக் என்று அடித்துக்கொண்டே இருந்தால் எங்கோ காற்று இழுக்கிறது அல்லது மிதவை வால்வு ஒழுகுகிறது. அடிக்கவே இல்லையென்றால் உள்ளே பொயின்ற் கருகிவிட்டது.

வேகத்துக்கான மேம்பாடு என்றால் முறையான வழி எம்ஜி மிட்ஜெற் அல்லது மொறிஸ் மரீனாவின் 1275 சிசி. அதே ஏ-சீரிஸ் குடும்பம், வெளியளவும் ஏறக்குறைய அதுவே. ஆனால் 948இன் கிளச் தட்டு 6¼ அங்குலம், தாங்காது. 1098இன் 7¼ அங்குலக் கிளச்சும் கியர் பொக்ஸும் சேர்ந்து வர வேண்டும். பின் அச்சில் மிட்ஜெற்றின் 3.9 விகிதத்தைப் போட்டால் மணிக்கு 80 கிலோமீற்றரில் எஞ்சின் அமைதியாகும். முன் பிறேக் 7 அங்குல ட்றம்மாக இருக்கையில் இவை எதையும் செய்யக் கூடாது. குறைந்தது 1098இன் 8 அங்குல ட்றம், பின்தகடும் சிலிண்டரும் சேர்த்துத் தொகுதியாக, அல்லது டிஸ்க். நியூசிலாந்தில் டட்சன் ஏ12 எஞ்சினை ஏற்றிய மைனர்கள் பல உண்டு. ஏற்றலாம்தான். கியர் பொக்ஸுக்கு இடம் வேண்டுமென்று ரோர்ஷன் பார் முடிகிற கிறொஸ் மெம்பரை வெட்டாத மெக்கானிக் கிடைத்தால். எந்த எஞ்சின் மாறினாலும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவைத் திருத்த வேண்டும். எஞ்சின் இலக்கம் பொருந்தாத கார் விற்கும் நாளில் இரும்பு விலைக்குத்தான் போகும்.

ரயர் 145 அல்லது 155 அகலத்தில் முழு உயரமுள்ள 14 அங்குல ரேடியல். தாழ்ந்த ரயர் போட்டால் ஸ்பீடோ பொய் சொல்லும், எஞ்சின் வீணாகச் சுற்றும். பழைய ரிம் ஆணியடித்த பொருத்து வழியே காற்று விடும், ஆகவே ரியூப் போடுங்கள்.

முதல் 800 கிலோமீற்றர் முடிந்ததும் ஒயிலை மாற்றி, குளிர்ந்த எஞ்சினில் ஹெட் நட்டை மறுபடி 40க்கு இறுக்கி, அதன் பிறகு வால்வு இடைவெளி பாருங்கள். நட்டு இறுகினால் இடைவெளி மாறும் என்பதால் இந்த ஒழுங்கு மாறக் கூடாது. பிறேக் குழாய் மூட்டுகள் எல்லாவற்றையும் வெள்ளைத் துணியால் துடைத்து ஈரம் பாருங்கள். லீஃப் ஸ்பிரிங்கின் யூ போல்ற்றுகளை ஒருமுறை இறுக்குங்கள், புதிய ரப்பர் அமிழ்ந்து அவை கட்டாயம் தளர்ந்திருக்கும்.